எவர்சில்வர் தொட்டியில் களிம்பு

என் மூக்கை நம்பித்தான் நான் இந்த அளவுக்கு வந்தேன். பள்ளிக்கூடம் நான்காம் வகுப்போடு சரி. ஆனால் ஒரு பீப்பாயின் மூடியைத் திறந்து காட்டினால் போதும். உள்ளே இருக்கிற பழைய எண்ணெயில் மீன் பொரித்தார்களா, பஜ்ஜி போட்டார்களா, எத்தனை நாள் திரும்பத் திரும்பக் கொதித்தது, கடைக்காரர் எடை ஏறட்டும் என்று தண்ணீர் கலந்தாரா, எல்லாவற்றையும் முகர்ந்தே சொல்லிவிடுவேன். கொல்லிமலையில் இது தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். மலைக்குக் கீழேயும் வேறொருவர் இருப்பதாக எனக்குத் தகவல் இல்லை.

மூக்குக்கு அடுத்தபடி நான் நம்பியது என் சந்தேகத்தை. லாரியில் கிளீனராக இருந்தபோது டிரைவரை நம்பவில்லை. டிரைவரானபோது கிளீனரை நம்பவில்லை. சொந்தமாக லாரி வாங்கியபோது இரண்டு பேருமே வேண்டாம் என்று நானே ஓட்டி நானே துடைத்தேன். மலை ரோட்டில் இறங்கும்போது பிரேக்கையும் நம்பமாட்டேன், கியரில்தான் இறக்குவேன். அப்படி இருந்ததால்தான் முழுசாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

லாரியை விற்ற பிறகு சும்மா இருக்க முடியவில்லை. வாசலூர்பட்டி ஏரியில் படகு ஓட ஆரம்பித்ததிலிருந்து டூரிஸ்ட் கூட்டம் கூடிப்போனது. கூட்டத்துக்குத் தகுந்த மாதிரி மீன் வறுவல் கடை, பஜ்ஜிக் கடை. அந்தக் கடைக்காரர்கள் தார் மாதிரி கறுத்துப்போன எண்ணெயை ஓடையில் ஊற்றுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. ஏனென்றால் லாரி ஓட்டிய காலத்தில், கீழே ஒரு கல்லூரிக்கு லோடு இறக்கப் போனபோது, பழைய சமையல் எண்ணெயை டீசலாக மாற்றி ஒரு இஞ்சினை ஓட்டிக் காட்டியதை நான் இரண்டு மணி நேரம் நின்று பார்த்திருக்கிறேன். படிக்கிற பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நான் தலையில் எழுதிக்கொண்டேன்.

வேலை இதுதான். எண்ணெயைச் சுடவைத்து, காஸ்டிக் சோடா கரைத்த மெத்தனாலை அதில் சேர்த்துக் கலக்க வேண்டும். கனமான கிளிசரின் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்து நிற்பதைப் பிரித்து, தண்ணீர் விட்டு அலசி, ஈரம் போகக் காய்ச்சினால் டீசல் மாதிரி எரியும். படித்தவர்கள் பயோடீசல் என்பார்கள். மலையில் பஜ்ஜி டீசல் என்றுதான் பெயர். என் எண்ணெய் ஊற்றின பவர் டில்லர் காட்டில் ஓடினால் பக்கத்துக் காட்டுக்காரருக்கு டீ குடிக்கத் தோன்றும். பஜ்ஜி எண்ணெய் போதாதபோது புங்கன் விதை ஆட்டிய எண்ணெயையும் சேர்ப்பேன். லைசென்ஸுக்கு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன். ஒவ்வொரு ஆபீஸிலும், "என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார்கள். "எண்ணெய் படிச்சிருக்கேனுங்க" என்றேன்.

அலசுகிற வேலைக்கு ஒரு அம்மா வந்தார். மலையிலேயே பைல் நாடு என்கிற பகுதிக்காரர். மரவள்ளியும் சாமையும் போடுகிற குடும்பம், வேலியோரம் மிளகுக் கொடி. வீட்டை ஒட்டி ஒரு சின்ன மில் வைத்திருந்தார்கள். சுற்றியிருக்கிற பத்து இருபது குடும்பம் சாமையும் கேழ்வரகும் அங்கேதான் கொண்டுவந்து கொடுக்கும். அந்த மில்லின் இஞ்சின்தான் அவர்கள் வீட்டுச் சோறு. என் எண்ணெயை எந்த வண்டிக்காரரும் தொடப் பயந்த காலத்தில், முதல் கேனைத் தன் இஞ்சினில் ஊற்றச் சொன்னது அந்த அம்மாதான்.

"ஏனுங்ணா, நின்னு போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" என்று அன்றைக்குக் கேட்டார்.

"நான் கையால சுத்தி அரைச்சுக் குடுக்கறேன் அம்மிணி."

"உங்க கையி சுத்தறதுக்குள்ள சாமை மொளைச்சுரும்" என்றுவிட்டு ஊற்றினார். ஓடியது. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள்.

ஆரம்பத்தில் என் சாமான் எல்லாம் பழைய இரும்புக் கடையில் வாங்கியதுதான். துத்தநாகம் பூசிய தொட்டி, பித்தளை வால்வு, எண்ணெயைச் சுடவைக்கச் செம்புக் குழாய்ச் சுருள். பார்க்கப் பளபளவென்று கோயில் மாதிரி இருந்தது. ஒரு மழைக்காலம் தாண்டவில்லை, வால்வு சொட்ட ஆரம்பித்தது. கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு. செம்புக் குழாயில் ஊசி குத்தின மாதிரி ஓட்டை. தொட்டிச் சுவரில் சோப்பு மாதிரி வெள்ளையாக ஏதோ உரிந்து வந்தது. எண்ணெயோ பெயின்ட் நாற்றம் அடித்தது.

நேராக அந்த இரும்புக் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன்.

"அரிச்சுப்போன வால்வைப் பாலீஷ் போட்டு என் தலையில கட்டிட்டியே!"

கடைக்காரர் வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க, நீங்க இதுல ஊத்துனது எண்ணெயா, ஆசிடா?"

அந்தப் பதிலை வைத்தே அவர்மேல் எனக்குச் சந்தேகம் கூடியது. குற்றம் செய்தவன்தான் கேள்வி கேட்பான் என்பது என் கணிப்பு.

அந்தச் சமயத்தில் கல்லூரியில் பாடம் எடுக்கிற ஒரு பேராசிரியர், குடும்பத்தோடு ஏரிக்கு வந்தவர், ரோட்டோரத்தில் என் போர்டைப் பார்த்துவிட்டு காரை நிறுத்தி இறங்கினார். வால்வைக் காட்டினேன். பார்த்த உடனே சொன்னார்: "இந்த எண்ணெய்க்குச் செம்பு, பித்தளை, துத்தநாகம் மூணுமே ஆகாதுங்க. முக்கியமா செம்பு. செம்பு பட்டுக்கிட்டே இருந்தா எண்ணெய் காத்தோட சேந்து சீக்கிரம் கெட்டுப் புளிச்சிடும். புளிச்ச எண்ணெய் திரும்ப உலோகத்த அரிக்கும். அரிச்ச உலோகம் எண்ணெயக் கெடுக்கும். அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டே போகும்."

எனக்குப் புரிந்துவிட்டது. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் ரசம் வைத்தால் என்ன ஆகும்? அதேதான். எங்கள் வீட்டுச் சமையலறையில் தெரிந்த விஷயத்தைச் சொல்ல ஒரு பேராசிரியர் மலையேற வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நான் ஒரு வேலையில் இறங்கினால் பாதியில் நிற்கமாட்டேன். பால் குளிரவைக்கிற பழைய எவர்சில்வர் தொட்டி ஒன்றை ஏலத்தில் பிடித்தேன். குழாய், வால்வு, நட்டு, போல்ட்டு, எல்லாம் எவர்சில்வர். கடைக்காரர்கள் வாயால் சொல்வதை நம்பாமல், பழைய ரேடியோ ஸ்பீக்கரில் இருந்த காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். ஒவ்வொரு சாமானிலும் வைத்துப் பார்ப்பேன், ஒட்டினால் இரும்பு, வேண்டாம். செம்பும் பித்தளையும் நிறத்திலேயே தெரிந்துவிடும். சேலத்தில் ஒரு கடையில் என்னைக் கண்டால் "காந்தக்காரர் வந்துட்டாரு" என்பார்கள்.

இனி எழுதப் போவது அன்றைக்கு நான் யாரிடமும் சொல்லாதது. வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லவில்லை.

முதல் தொட்டி போனதற்குச் செம்பு காரணம் என்று பேராசிரியர் சொன்னதை நான் முக்கால்வாசி நம்பினேன். மீதிக் கால்வாசிக்கு ஊர்க்கண் காரணம். ஒன்றுமில்லாமல் மலையேறி வந்தவன் ஷெட்டு போட்டு, பைப்பு போட்டு, கார்க்காரர்கள் நின்று பார்க்கிற அளவுக்கு வளர்ந்தால் கண் படாமல் இருக்குமா? பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மளிகைச் சாமான் வாங்கப் போனபோது, சந்தை முடிகிற ஓரத்தில் தகடு எழுதிக் கொடுக்கிற ஒருவர் உட்கார்ந்திருந்தார். செம்புத் தகட்டில் கட்டம் போட்டு எழுத்து கீறித் தருவார்.

"எதுக்குங்க?" என்றார்.

"தொழிலுக்கு. எவன் கண்ணும், எவன் கையும் படக்கூடாது."

உள்ளங்கை அளவுத் தகடு ஒன்றை எடுத்தார். நான் சிரித்தேன். "இது பொட்டிக்கடைக்குப் பத்தும். என் தொட்டி எத்தனை பெருசு தெரியுமா? பெருசா எழுதுங்க."

சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒன்றை எடுத்து எழுதினார். "எது பெருகோணுமோ அதுக்குள்ளயே இருக்கோணும். ஒருத்தர்கிட்டயும் சொல்லப்படாது. சொன்னா வேலை செய்யாது" என்றார்.

மஞ்சள் கயிற்றில் கட்டித் தந்தார். கயிறு எண்ணெயில் ஊறி இற்றுவிடும் என்று எனக்குத் தெரியாதா? அந்த அம்மா வேலைக்கு வராத ஒரு நாளில், கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கம்பியில் கட்டித் தொட்டியின் வாய்க்குள் இருந்த கொக்கியில் தொங்கவிட்டேன். தகடு எண்ணெயில் முழுகி நின்றது. கம்பிகூட எவர்சில்வர்தான். அதையும் காந்தம் வைத்துப் பார்த்துத்தான் கட்டினேன்.

அந்த வருஷம் மழை பிடித்தது, விடவில்லை. காட்டில் வேலை இல்லை, எண்ணெய் போகவில்லை. தொட்டி வாரக்கணக்கில் நிறைந்தே கிடந்தது. மழை விட்டு ஒரு நாள் அந்த அம்மா கேனில் பிடித்துக்கொண்டே கூப்பிட்டார்.

"ஏனுங்ணா, இங்க வந்து பாருங்க. பாசி புடிச்ச கெணத்துத் தண்ணி மாதிரி இருக்குது."

தேன் நிறத்தில் இருக்க வேண்டிய எண்ணெய் பச்சையும் பழுப்புமாக இருந்தது. முகர்ந்தேன். அதே பெயின்ட் நாற்றம். அதே வாரத்தில், எண்ணெய் பிடித்து வைத்திருந்த இரும்புப் பீப்பாய்களில் இரண்டு, அடியில் பொத்துக்கொண்டன. உள்ளே அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக அரித்திருந்தது.

பேராசிரியருக்குப் போன் போட்டேன். "எங்கயாவது செம்பு, பித்தளை ஒட்டிக்கிட்டு இருக்கான்னு பாருங்க" என்றார்.

"சான்ஸே இல்லீங்க."

"ஒரு சின்ன வாஷர்கூடப் போதும். நல்லாப் பாருங்க."

பார்த்தேன். காந்தமும் டார்ச்சுமாக இரண்டு நாள். ஒவ்வொரு ஜாயிண்டையும் கழற்றி மாட்டினேன். பம்பைப் பிரித்தேன். ஏணி வைத்து ஏறித் தொட்டி மூடியையும் திறந்து பார்த்தேன். கம்பி தெரிந்தது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மூடினேன். இறங்கி வந்து போன் பண்ணி, "குண்டூசி அளவுகூடச் செம்பு கிடையாது" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. நெஞ்சில் கை வைத்துத்தான் சொன்னேன்.

சாமானில் குற்றம் இல்லை. அப்படியென்றால் ஆளில்தான் குற்றம். அந்தத் தொட்டியைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொன்று அந்த அம்மா.

அன்றிலிருந்து நான் அவரைப் பார்த்த பார்வை வேறு. தொட்டி மூடியின் விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டு வைப்பேன், கோடு விலகியிருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அலசுகிற தண்ணீர் வாளியை அவர் திரும்பின சமயம் முகர்ந்து பார்ப்பேன். மதியச் சோற்றுக்கு எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்தால், சாப்பிட்டு முடித்த பிறகு தோல் எங்கே போகிறது என்று பார்ப்பேன். இரண்டு துண்டு கொண்டுவந்தவர் ஒரு துண்டுத் தோலைத்தான் எறிந்தார் என்றால், அடுத்தது எங்கே? அதைத் தின்றிருக்கலாம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. புளிப்புதானே உலோகத்தை அரிக்கும் என்பதிலேயே என் புத்தி நின்றது.

காரணம் கிடைக்கவும் கஷ்டப்படவில்லை. அவருடைய அண்ணன் மகன் ஒருவன் நாமக்கல் பக்கம் எண்ணெய் ஏஜென்சியில் வேலை செய்கிறானாம். அது போதாதா? நான் நொடிந்தால் அவன் இங்கே வந்து ஷெட்டு போடுவான். படம் என் கண் முன்னால் முழுசாக ஓடியது.

ஒரு நாள் பிடித்தும்விட்டேன். புங்கன் மூட்டைகளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா ஏணியில் ஏறி மூடியைத் திறந்தார். அளவுக் குச்சியை விட்டு எடுத்தார். அதோடு இறங்க வேண்டியதுதானே? இறங்கவில்லை. தொட்டிக்குள் வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். வாய் ஏதோ முணுமுணுத்தது. பிறகு கையை முந்தானையில் துடைத்து, நெற்றியில் வைத்துக்கொண்டு, மூடியைச் சாத்தினார். வேறென்ன சாட்சி வேண்டும்?

அதற்கு அடுத்த நாள் அவர் வீட்டு மில் நின்றுபோனது. நிறம் மாறுவதற்கு முன்னால் என்னிடம் பிடித்துப்போன எண்ணெயைத்தான் ஊற்றியிருந்தார்கள்.

செம்மேட்டிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்திருந்தார்கள். நானும் போனேன். ஃபில்டரைக் கழற்றி மெக்கானிக் ஒரு தட்டில் கவிழ்த்தார். பச்சையாக, பிசின் மாதிரி, சரிந்து விழுந்தது.

"ஏனுங்க, இது டீசலா, கீரை மசியலா?" என்றார். "நாசில் அடைச்சுப் போச்சு. பம்புக்குள்ளயும் அரிச்சிருக்குது. இதை ஊத்துனவங்க யாரு?"

அந்த அம்மாவின் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். மில் வாசலில் சாமை மூட்டையோடு நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்தார்கள். அந்த அம்மா அவர்கள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் புத்தி அப்போதும் என்ன சொன்னது தெரியுமா? தன் மேல் சந்தேகம் வரக்கூடாது என்று தன் இஞ்சினையே கெடுத்துக்கொண்டிருக்கிறார், பெரிய ஆள்தான் என்று சொன்னது.

மறுநாள் காலை அந்த ஃபில்டரை ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் ஷெட்டுக்கு வந்தார். என் மேஜைமேல் வைத்தார்.

"இதுக்கு என்ன சொல்றீங்க?"

"நீதான் சொல்லோணும் அம்மிணி. தொட்டியில என்ன போட்டே?"

"என்னது?"

"நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஏணியில ஏறி, உள்ள பாத்து, மந்திரம் சொல்லி, கையத் தொடைச்சுக்கிட்டு எறங்குனே. இந்தக் கண்ணால பாத்தேன். யாரு சொல்லிக் குடுத்து இந்த வேலை செய்யறே?"

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. மேஜை பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தீங்க. தெரியும். புங்க மூட்டைக்குப் பொறத்தால நிக்கறப்ப இருமாம நிக்கோணும். எலுமிச்சைத் தோலை எண்ணுனீங்க, அதும் தெரியும். எங்க ஊட்டுக்காரருகிட்டச் சொல்லிச் சிரிச்சேன். வயசாயிருச்சு, பாவம்னு நெனைச்சேன்."

"பேச்ச மாத்தாதே."

"மாத்தலீங்ணா. நான் உள்ள பாத்தது நெசம். சாமிகிட்ட வேண்டுனதும் நெசம். என்னன்னு வேண்டுனேன்னு கேளுங்க. 'நான் ஒரு சொட்டு எண்ணெய் திருடுனதில்ல. இந்த மனுசன் என் கையக் கட்டிப்போட உள்ள தகடு தொங்கவுட்டிருக்கறாரு. அது என்னையும் என் புள்ளைகளையும் ஒண்ணும் பண்ணிரக் கூடாது'ன்னு. தெனமும் அதத்தான் வேண்டுனேன்."

தகடு விஷயம் அவருக்குத் தெரியும். அதைவிட, அது அவருக்கு எதிராகவே வைத்தது என்று நினைத்துக்கொண்டு, இத்தனை மாதமும் அந்தத் தொட்டிமேல் ஏறி இறங்கியிருக்கிறார்.

"எப்பத் தெரியும்?"

"மொத நாளே. அளவுக் குச்சி அதுல இடிச்சு டங்குன்னுச்சு. அடுத்தவங்க வெச்ச தகட்டத் தொடப்படாதுன்னு உட்டுட்டேன்."

"அது உனக்குன்னு வெக்கல அம்மிணி. பொதுவா வெச்சது."

"பொதுவாத் தொட்டியத் தொடறது நானும் நீங்களுந்தான். உங்களுக்கு நீங்களே வெச்சுக்கிட்டீங்களாக்கும்?" என்றார். எழுந்து, தன் டிபன் பாக்ஸையும் கைத்துணியையும் எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று திரும்பினார். "வந்த வாத்தியாரு என்னென்னவோ ஆகாதுன்னு சொன்னாரே, நானும் நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஏனுங்ணா, அந்தத் தகடு என்ன எவர்சில்வரா?"

போய்விட்டார்.

"அது தகடு, செம்பில்ல" என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்ல ஆள் இல்லை. பிறகு ஏணியில் ஏறினேன். கம்பியைப் பிடித்து இழுத்தேன்.

சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கொடுத்த தகடு. வெளியே வந்ததோ ஓரமெல்லாம் கடித்த மாதிரி, இலை கணக்காக மெலிந்து, பச்சைக் கோழை சொட்டச் சொட்ட இருந்தது. துணியால் துடைத்தேன். கட்டம் இல்லை. எழுத்து ஒன்றுகூட இல்லை. எழுத்தை எல்லாம் என் எண்ணெய் தின்றுவிட்டது. தின்ற எண்ணெயைத்தான் ஊர் இஞ்சினில் எல்லாம் ஊற்றியிருக்கிறேன்.

கண்ணால் பார்த்த பிறகும் நான் உடனே ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. ஒரு பெண்பிள்ளை கோபத்தில் சொன்னதை வைத்து முடிவு கட்ட முடியுமா? காலித் தேன் பாட்டில் இரண்டு எடுத்தேன். இரண்டிலும் புதிதாகக் காய்ச்சின எண்ணெயை ஊற்றினேன். ஒன்றில் பழைய செம்புக் குழாயில் ஒரு துண்டை வெட்டிப் போட்டேன். இன்னொன்றில் ஒன்றும் போடவில்லை. இரண்டையும் ஷெட்டு ஜன்னலில் வெயில் படுகிற மாதிரி வைத்தேன். இப்படி வைத்துப் பார்க்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பிறகு கேட்டபோது பேராசிரியரே, "நாங்க லேப்ல பண்றதும் இதேதாங்க" என்றார்.

பாட்டில் நிறம் மாறுகிற வரைக்கும் சும்மா இருக்க முடியாதே என்று அலசுகிற வேலையை நானே செய்தேன். அந்த அம்மா எண்ணெய்மேல் தண்ணீரைத் தூறல் மாதிரி விடுவார், கலக்கவே மாட்டார். அவசரம் இல்லாத வேலை என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன். நான் வாளியோடு ஊற்றித் துடுப்பால் நாலு சுற்று சுற்றினேன். எண்ணெயும் தண்ணீரும் கலந்து, கெட்டி மோர் மாதிரி ஆகிவிட்டது. மூன்று நாள் ஆகியும் பிரியவில்லை. அடுத்த தடவையும் மோர். ஊருக்கே டீசல் காய்ச்சுகிறவன் ஷெட்டில் தொட்டி தொட்டியாக மோர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது வாரம், செம்பு போட்ட பாட்டில் பச்சை காட்டியது. முகர்ந்தேன். பெயின்ட். மற்ற பாட்டில் தேனாகவே இருந்தது.

இரண்டு பாட்டிலையும், டூல்ஸ் பையையும், புது நாசில் ஒன்றையும், ஒரு கேன் நல்ல டீசலையும் எடுத்துக்கொண்டு பைல் நாட்டுக்குப் போனேன். மில் பூட்டிக் கிடந்தது. வாசலில் சிந்தின சாமை முளைத்துப் பச்சையாக நின்றது. அந்த அம்மா பின்பக்கம் ஏணியில் நின்று மிளகுக் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் இறங்கவில்லை. நான் பாட்டில்களைக் கல்மேல் வைத்தேன்.

"ரெண்டும் ஒரே நாள் ஊத்துனது. இதுல செம்பு போட்டேன். இதுல போடல."

ஏணியிலிருந்தே பார்த்தார். "வெளங்குது. இதுல எந்த பாட்டில்ல என்னையப் போட்டு வெச்சிருந்தீங்க?"

"மில்லுச் சாவி குடு அம்மிணி" என்றேன்.

"எதுக்கு? உள்ள தகடு மாட்டறதுக்கா?"

"இஞ்சின் பிரிக்கறதுக்கு."

அவர் வீட்டுக்காரர் வந்து திறந்துவிட்டார். காலையில் உட்கார்ந்தவன், வெயில் சாய்கிற வரைக்கும் எழவில்லை. டேங்கைக் கழுவி, பைப்பை ஊதி, பம்பைப் பிரித்துப் பிசினைச் சுரண்டி, நாசிலை மாற்றினேன். லாரிக்காரன் கை, மறக்குமா? செம்மேட்டு மெக்கானிக் அன்று வந்திருந்தால் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டிருப்பார். நடுவில் அந்த அம்மா ஒரு தடவை டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். இஞ்சின் பிடித்துக்கொண்டு ஓடியதும்தான் மறுபடி வந்து கதவோரம் நின்றார்.

"தப்பு என்னோடது அம்மிணி" என்றேன். இஞ்சின் சத்தத்தில் கேட்டிருக்காது என்றுதான் நினைத்தேன்.

"கேக்கல. இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். கேட்டிருக்கிறது, முதல் தடவையே. முகத்தைப் பார்த்தால் தெரியாதா?

"நாளைக்கு வாரேன்" என்றார். "ஆனா ஒண்ணு. தொட்டி மூடிக்குப் பூட்டுப் போடோணும். சாவி எங்கிட்டத்தான் இருக்கும். நீங்க தெறக்கோணும்னா எங்கிட்டக் கேட்டுத்தான் தெறக்கோணும்."

"என் தொட்டிக்கு நான் உன்னையக் கேக்கோணுமா?"

"உங்க தொட்டியக் கெடுத்தது யாருன்னு இப்பத்தான சொன்னீங்க?"

பூட்டுப் போட்டேன். எவர்சில்வர் பூட்டு. கடைக்காரர் பித்தளைப் பூட்டுத்தான் உறுதி என்றார். மூடிக்கு வெளியேதான் தொங்கும், பித்தளையானாலும் ஒன்றும் ஆகாது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் வேண்டாம் என்றுவிட்டேன். தகட்டை வீட்டில் சாமி அலமாரியில் வைத்திருக்கிறேன். தூக்கி எறிய மனசு வரவில்லை. வீட்டுக்காரி புளி போட்டுத் தேய்த்துப் பார்த்தாள், செம்பு பளபளத்தது. எழுத்து வரவில்லை.

இன்றைக்கும் நடக்கிற கதை இதுதான். காலையில் அந்த அம்மா முந்தானையில் முடிந்த சாவியை எடுத்து மூடியைத் திறப்பார். அளவுக் குச்சியை உள்ளே விட்டு நாலு பக்கமும் சுழற்றிக் காட்டுவார், எதிலும் இடிக்கவில்லை என்று நான் தெரிந்துகொள்ள. பிறகு ஒரு தம்ளரில் எண்ணெய் பிடித்து என்னிடம் நீட்டுவார். நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். தேன் நிறம்தான். ஆனாலும் முகர்ந்து பார்க்காமல் தரமாட்டேன். ஒன்றுக்கு இரண்டு தடவை முகர்வேன்.

"என்னங்ணா," என்பார், "எலுமிச்சை வாசம் வருதா?"